ரிப்போர்ட்ல நாலு மூட்டு, வீட்டுல வேற கணக்கு

சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ்னு சொன்னா பாதி பேருக்குப் புரியாது, புரிஞ்சவங்க "ஆரம்பம் தானே, மைல்டு தானே, விடு"ம்பாங்க. கேட்டு கேட்டு அலுத்துப்போச்சு. மூட்டு எத்தனை வீங்கியிருக்குங்கிறது ஒரு கணக்கு, அது நம்ம பொழப்பை எவ்ளோ தின்னுதுங்கிறது வேற கணக்கு, ரெண்டும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கணும்னு ஒரு கட்டாயமும் கிடையாது. இன்னிக்கு புலம்பல் இதைப் பத்திதான்.

விஷயம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ஊர்ல காளாஞ்சகப்படைம்பாங்களே அந்த சோரியாசிஸ், அது இருக்கறவங்கள்ல சில பேருக்கு மூட்டுலயும் வந்து உக்காரும், பெரும்பாலும் தோல்ல வந்து பல வருஷம் கழிச்சு. எனக்கு தலையில செதில் காலேஜ் படிக்கும்போதே உண்டு, கறுப்பு குர்தா போடறதையே விட்டு ரொம்ப நாளாச்சு. அப்புறம் நகத்துல குட்டி குட்டியா குழி விழுந்துச்சு, அப்புறம் குதிகால்ல வலி. முதல்ல பார்த்த எலும்பு டாக்டர் ருமட்டாய்டு ஃபேக்டர்னு வாதத்துக்குப் பாக்கற ரத்த டெஸ்ட் எழுதிக் கொடுத்து, அது நெகட்டிவ்னு வந்ததும் "வாதமெல்லாம் ஒண்ணுமில்ல, சாஃப்ட் செருப்பு போடுங்க"ன்னு அனுப்பிட்டார். இந்த வியாதியில அது பெரும்பாலும் நெகட்டிவாதான் வரும், உடம்புக்குள்ள அழற்சி இருக்கான்னு காட்டற இஎஸ்ஆர், சிஆர்பி ரத்த டெஸ்ட் கூட நார்மலா இருக்கலாம். கடைசியில கால்ல ஒரு விரல் முழுசா கோவக்கா மாதிரி வீங்கினப்புறம்தான் ருமட்டாலஜிஸ்ட்கிட்ட (வாத நோய் டாக்டர்) போனேன், அந்தம்மா காலைப் பாக்கறதுக்கு முன்னாடியே என் கை நகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

லேட்டாகறது சும்மா விஷயமில்ல. அயர்லாந்துல பண்ணி 2015ல வந்த ஒரு ஆய்வுல, ருமட்டாலஜிஸ்ட்கிட்ட போக 6 மாசத்துக்கு மேல லேட்டானவங்களுக்கே பின்னாடி எலும்பு அரிப்பும் கை கால் முடியாமையும் ஜாஸ்தியா இருந்துச்சுன்னு பார்த்திருக்காங்க.

சரி, கணக்குக்கு வரேன். டாக்டர் 68 மூட்டை அமுக்கி வலிக்குதான்னு பாப்பாங்க, 66ல வீக்கம் பாப்பாங்க (இடுப்பு மூட்டு ரெண்டுலயும் வீக்கம் வெளிய தெரியாது, அதனால அது ரெண்டும் கழிவு). எனக்கு கணக்குல வந்தது மொத்தமே நாலு மூட்டு. நாலுன்னா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா காலையில காபி ஃபில்டரோட மேல் பாத்திரம் இறுகிக்கிட்டா கழட்ட முடியாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிமானமே கிடைக்காது, துப்பட்டாவுல பின் குத்தப் போனா அது வழுக்கி கீழ விழும், குனிஞ்சு எடுக்கணும், குதிகால்ல பாரம் இறங்கும், அதுக்குள்ள 8:20 லோக்கல் போயிடும். இந்த விறைப்பு விலக எனக்கு ஒரு மணி நேரம் ஆகும், ஆனா ஆபீஸ் ஒரு மணி நேரம் காத்திருக்காது.

மும்பையில செம்பூர்லேர்ந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷன் வரைக்கும் ஹார்பர் லைன் ட்ரெயின். லேடீஸ் டப்பாவுல ஏறினதும் உக்காந்திருக்கறவங்ககிட்ட "எங்க இறங்குவீங்க"ன்னு இந்தியில கேட்டு சீட்டு சொல்லி வச்சுக்கணும், குர்லா வந்தாத்தான் கொஞ்சம் கலையும். எனக்கு வயசு முப்பத்தி சொச்சம், பாக்க நல்லாத்தான் இருக்கேன், கட்டு இல்ல கோல் இல்ல, யாரு சீட்டு கொடுப்பா. கேக்கவும் கூச்சம். கழுத்துல செதில் தெரியறப்போ பக்கத்துல இருக்கறவங்க லேசா நகர்ந்து உக்காருவாங்க பாருங்க, அந்த நகர்றது வீக்கத்தை விட வலிக்கும். (ஒட்டுவாரொட்டி இல்லம்மா இதுன்னு ஒரு போர்டு மாட்டிக்கலாம்னு தோணும்.)

எல்லாத்துக்கும் மேல அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி. வலின்னா வீட்டுல புரிஞ்சுக்கறாங்க, அசதின்னா சோம்பேறித்தனம்னு ஆயிடுது. மாமியார் நல்லவங்கதான், "முடக்கத்தான் தோசை சாப்பிடும்மா, எங்க அத்தைக்கு அதுலதான் சரியாச்சு"ன்னு சுட்டுக் கொடுப்பாங்க, நானும் சாப்பிடுவேன், நல்லாத்தான் இருக்கும். ஆனா சாயங்காலம் வந்து படுத்தா மட்டும் "இப்பதான வந்த"ன்னு ஒரு குரல் வரும். கிருத்திகைக்கு சேடா நகர் முருகன் கோயில் படி ஏறலைன்னா அதுக்கும் ஒரு பார்வை.

மூட்டு எண்ணிக்கை எவ்ளோ ஏமாத்தும்னு எனக்குப் புரிய வச்சது ஆஸ்பத்திரி வரிசையில பக்கத்துல உக்காந்த ஒரு அண்ணாச்சி. திருநெல்வேலி பக்கம், தாராவியில லெதர் பேக் தைக்கறவர். அவருக்கு வீங்கினது வலது கையில ஒரே விரல். "டாக்டரு ஒரு வெரலு தானேங்காரு. எனக்கு அந்த வெரலுதாம்மா சோறு போடுது"ன்னார். பீஸ் ரேட்டு, தைச்சாத்தான் காசு. என்னை விட மூட்டு கம்மி, அடி என்னை விடப் பல மடங்கு. எனக்காவது சிக் லீவு இருக்கு.

இதையெல்லாம் அளக்கவும் ஒண்ணு வச்சிருக்காங்க. ஐரோப்பிய வாதநோய் அமைப்பு 2014ல கொண்டு வந்த பிஎஸ்ஏஐடி-12னு ஒரு படிவம், நோயாளிங்களையே கூப்பிட்டு எது எது உங்களைப் பாதிக்குதுன்னு கேட்டு உருவாக்கினது. 12 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 0லேர்ந்து 10 வரைக்கும் மார்க். வலி, அசதி, தோல், தூக்கம், வேலை, பயம், கூச்சம், நாலு பேரோட கலந்துக்க முடியறதான்னு எல்லாம் வருது. வலிக்குத்தான் வெயிட்டேஜ் ஜாஸ்தி, அடுத்த வரிசையிலயே அசதி இருக்கு! பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எல்லாத்தையும் வெயிட்டேஜ் போட்டு சேர்த்து கடைசியில 10க்கு ஒரு ஸ்கோர், கூடக் கூட பாதிப்பு ஜாஸ்தி. அது 4க்குள்ள இருந்தா நோயாளிக்கு சமாளிக்கற நிலைமைன்னு எடுத்துக்கறாங்க. எனக்கு 4க்கு மேல நல்லாவே வந்துச்சு, அந்த மைல்டு ரிப்போர்ட்டை கையில வச்சுக்கிட்டே.

மாத்திரை மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரே ஒரு நாள், தினம் போடவே கூடாது, கூட ஃபோலிக் ஆசிட். சனிக்கிழமை ராத்திரி போட்டா ஞாயிறு முழுக்க குமட்டல், ஆக இருக்கற ஒரு லீவும் அதுக்கே போகுது. மருந்துக்கடைக்காரர் வேற "இது கேன்சர் மாத்திரையாச்சே"ன்னு எங்க வீட்டுக்காரரைக் கலங்கடிச்சுட்டார், அதுக்கு டோஸே வேறன்னு நான் உக்காந்து விளக்க வேண்டியதாப்போச்சு. இது நிக்கற வரைக்கும் குழந்தைக்கு ட்ரை பண்ணக்கூடாதுன்னு டாக்டர் சொன்னது இன்னும் மாமியாருக்குத் தெரியாது.

இந்த தடவை டாக்டர்கிட்ட மூட்டைக் காட்டறதுக்கு முன்னாடி அசதி, தூக்கம், ஞாயித்துக்கிழமை குமட்டல் மூணையும் சொல்லிட்டேன். மாத்திரைக்குப் பதிலா அதையே ஊசியா போட்டுப் பாக்கலாம்னாங்க, அதுலயும் அடங்கலைன்னா பயாலஜிக் (உயிரணுக்கள்லேர்ந்து தயாரிக்கற ஊசி மருந்து), அதுக்கு முன்னாடி டிபி டெஸ்ட் எடுக்கணும். அடலிமுமாப்ங்கிற பயாலஜிக் இங்கயே தயாரிக்கற பயோசிமிலரா (ஒரிஜினலுக்கு ரொம்ப நெருக்கமா வேற கம்பெனி பண்றது) கிடைக்குது, ஒரிஜினலை விட விலை கம்மி, இருந்தாலும் எங்க பட்ஜெட்டுக்கு பெருசுதான். யாராச்சும் மும்பையில போட்டுக்கிட்டு இருந்தா, மாசம் எவ்ளோ ஆகுது, இன்சூரன்ஸ்ல ஏதாவது வந்துச்சான்னு எழுதுங்க, அடுத்த மாசத்துக்குள்ள முடிவு பண்ணணும்.