கண்டிப்பா வருமா?

"கண்டிப்பா வருமா மக்கா?" என்று ஒரு வயதான மீனவர் கேட்டார். "வரும்" என்றேன். நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஆறு வருஷமாக அந்த ஒரு சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி கிடக்கிறது.

2019 செப்டம்பர். சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் நிலாவில் இறங்கப்போகும் கடைசி நேரத்தில் பேச்சு நின்றுபோய் ஒரு வாரம்கூட ஆகவில்லை. நாங்கள் குமரிக் கடற்கரை ஊர்களில், கோயில் ஹாலில் ஆட்களை உட்காரவைத்து, ஆழ்கடல் போட்டில் நாவிக் (நம்ம நாட்டு ஜிபிஎஸ்) பெட்டியை எப்படி மாட்டுவது, போனில் ஆப்பை எப்படித் திறப்பது என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தோம். நான் கான்ட்ராக்டில் போனவன். வகுப்பை எப்போதும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பேன்: கார்கில் சண்டையின்போது அமெரிக்கா ஜிபிஎஸ் தகவல் தரவில்லை என்கிற கதை, அதனால் நாமே சொந்தமாக 7 சேட்டிலைட் விட்ட கதை, கடைசியில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சிவன் நம்ம மாவட்டத்துக்காரர் என்பது. அந்த இடத்தில் கைதட்டல் நிச்சயம்.

அன்றைக்குத் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஸ்ராங்கு (போட்டை ஓட்டுபவர்) ஒருவர், அறுபது வயதிருக்கும், பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல நாங்க ஏதாவது சொன்னா கரைக்குக் கேக்குமா?" என்றார்.

"இல்ல அண்ணாச்சி, இது சேதி வாங்குறதுக்கு மட்டும். புயல் எச்சரிக்கை, மீன் கிடைக்கிற இடம், எல்லைக்கோடு..."

"அப்போ நீங்க சொல்றது எங்களுக்குக் கேக்கும். நாங்க கூப்பிட்டா உங்களுக்குக் கேக்காது."

பின்னால் சிரிப்பு. ஓகி புயலின் பெயரை யாரும் எடுக்கவில்லை. எடுக்கத் தேவையும் இல்லை. 2017 நவம்பர் கடைசியில் அந்த ஊர்ப் போட்டுகள் பலவும் வயர்லெஸ் எட்டாத தூரத்தில் கிடந்தன, கிளம்பிப் பல நாள் ஆனவனுக்குக் கரையில் சொன்ன எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்?

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏன் என்று இன்னும் தெரியவில்லை, அவர் என்னைத் திட்டவில்லையே. "1963ல திருவனந்தபுரம் பக்கம் தும்பாவுல முதல் ராக்கெட் விடுறதுக்குக் கோயிலையும் ஊரையும் விட்டுக்கொடுத்தது மீன்பிடிக்கிறவங்கதானே, இது உங்க ராக்கெட் அண்ணாச்சி" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

"கொடுத்தோம். அதனாலதான் கேக்குறேன். புயல் வந்தா சேதி கண்டிப்பா வருமா மக்கா?"

அந்த ஏழில் முதல் சேட்டிலைட்டில் இடத்தைக் கணக்கிட வைத்திருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் நின்றுபோனது எனக்குத் தெரியும். அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31ல் விட்டது வெப்பக் கவசம் கழலாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டதும் தெரியும், ஓகிக்குச் சரியாக மூன்று மாதம் முன்னால். மறு வருஷம் ஏப்ரலில் இன்னொன்றை விட்டுச் சரிசெய்துவிட்டார்கள், அது வேறு. உண்மையில் என் சந்தேகம் வானத்தைப் பற்றியதே இல்லை. அந்தச் சேதியைக் கரையில் ஒரு ஆள் நேரத்துக்கு அனுப்ப வேண்டும். எங்கள் ஆபீஸில் சனிக்கிழமை வந்த தாளைத் திங்கட்கிழமை எடுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் மேசையை மறைக்க ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்தேன்.

சரி, "வரலாம்" என்று சொல்லியிருந்தால்? பாதிப் பேர் பெட்டியை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டுக் கடலுக்குப் போயிருப்பார்கள். ஒன்றுமில்லாததற்கு அந்தப் பெட்டி எவ்வளவோ மேல். சோற்றுக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் காட்டுவது அந்தப் பெட்டியைத்தான், அதில் மாற்றமில்லை. விக்ரம் போன ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்து அழுதவன் நான், அதற்கும் வெட்கப்படவில்லை. ஆனால் அந்த ஹாலில் நான் பெருமைப்பட்டேனா, ஒளிந்துகொண்டேனா என்று கேட்டால், பதில் நாளுக்கு நாள் மாறுகிறது.

கிளம்பும்போது அவர் வாசலில் நின்று, "அந்த விக்ரமைக் கண்டுபிடிச்சாச்சா?" என்றார்.

"நிலாவைச் சுத்துற ஆர்பிட்டர் படம் எடுத்திருக்காம் அண்ணாச்சி. பேசத்தான் மாட்டேங்குது."

"ம்" என்றார். கிண்டலா, நிஜமான வருத்தமா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் வீட்டில் ஓகிக்குப் போய்த் திரும்பாதவர் யாரும் உண்டா என்று நான் கேட்கவில்லை.

இப்போது இரண்டு பக்கமும் பேசும் பெட்டி வந்துவிட்டது, ஆபத்தில் அழுத்துவதற்குப் பட்டன் இருக்கிறது. நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். என் இடத்துக்கு வந்த பையன் போன மாதம் போன் செய்தான். "அண்ணே, பட்டனை அழுத்தினா கண்டிப்பா ஆள் வருமான்னு கேக்குறாங்க, என்ன சொல்லட்டும்?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம், "வரும்னு சொல்லு" என்றேன்.