ஏழு கிழமை, ஏழு தாளம்: ராகுவும் கேதுவும் எங்கே?

என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் முதலில் கேட்டது ஆய்வேட்டின் பெயரைப் பற்றித்தான். முத்துஸ்வாமி தீட்சிதரின் நவக்கிரகக் கீர்த்தனைகள் என்று ஊரே சொல்லும்போது நீங்கள் மட்டும் ஏன் வார கீர்த்தனைகள் என்று எழுதியிருக்கிறீர்கள், ராகுவையும் கேதுவையும் என்ன செய்தீர்கள் என்றார். அன்று பத்து நிமிடத்தில் சொன்ன பதிலை இங்கே சற்று நிதானமாக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. ஒரு கீர்த்தனையின் அமைப்பை ஆராய்வதால் என்ன பயன், பாடிக் கேட்டால் போதாதா என்று நண்பர்கள் கேட்பதற்கும் இதிலேயே ஓரளவு பதில் இருக்கிறது.

முதலில் ஆவணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் மறைந்தார். அவருடைய கீர்த்தனைகளுக்கு நாம் முதன்மைச் சான்றாகக் கொள்ளும் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி, அதே எட்டயபுரத்தில் 1904இல் தெலுங்கு எழுத்தில் அச்சாயிற்று. இடையில் 69 ஆண்டுகள். நூலைத் தொகுத்த சுப்பராம தீட்சிதர் 1839இல் பிறந்தவர். முத்துஸ்வாமி தீட்சிதரைக் கண்ணால் கண்டவர் அல்லர். ஆனால் அவர் முத்துஸ்வாமியின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரின் மகள் வயிற்றுப் பேரன்; தாத்தாவாலேயே தத்தெடுக்கப்பட்டு அவரிடமே பாடம் கேட்டவர். ஆகவே அந்த 69 ஆண்டு இடைவெளியை ஒரே ஒரு தலைமுறை பாலமாக நின்று இணைக்கிறது. ஸ்வரங்களின் அசைவுகளான கமகங்களுக்குத் தனித்தனிக் குறியீடு வகுத்து, கம்பிதம், நொக்கு, ரவை, ஏற்ற ஜாரு, இறக்க ஜாரு என்று ஸ்வரத்தின் தலைமேல் குறித்துக்கொண்டே போகும் அந்த நூலை, சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் ஐந்து பகுதிகளாகத் தமிழ் எழுத்தில் வெளியிட்டது. என் மேசையில் இருப்பது அந்தத் தமிழ்ப் பதிப்புதான். முதல் பகுதியின் முதுகு பிய்ந்து, இப்போது நூல்கட்டில் நிற்கிறது.

இந்த நூலில் கிரகங்களின் மீது ஏழு கீர்த்தனைகளே இருக்கின்றன. ராகுவின் மீதான ‘ஸ்மராம்யஹம்’, கேதுவின் மீதான ‘மஹாஸுரம்’ இரண்டும் இல்லை. அவை பின்னர் வந்த பதிப்புகள் வழியாகவே பரவின. அந்த இரண்டும் தீட்சிதருடையவை அல்ல என்று சொல்லும் அறிஞர்கள் பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தையே முன்வைக்கிறார்கள். எனக்கு இது போதவில்லை. சுப்பராம தீட்சிதர் தமக்குக் கிடைத்ததை, தமக்குப் பாடமானதை அச்சிட்டார்; ஒரு தொகுப்பில் இல்லாமை என்பது பிறவாமைக்குச் சான்று ஆகாது. எனவே நூலை மூடிவைத்துவிட்டு, கீர்த்தனைகளின் உள்ளேயே ஏதேனும் சாட்சி இருக்கிறதா என்று தேடத் தொடங்கினேன்.

முதல் சாட்சி தாளம். பாட்டு கற்ற எந்தக் குழந்தைக்கும், ஏழு தாளங்களில் அமைந்த தொடக்கப் பயிற்சிகளான சப்த தாள அலங்காரங்களின் வரிசை தூக்கத்திலும் மறக்காது: துருவம், மட்டியம், ரூபகம், ஜம்பை, திரிபுடை, அட, ஏகம். ஞாயிறு முதல் சனி வரை கிழமை வரிசையில் தீட்சிதரின் ஏழு கீர்த்தனைகளை அடுக்கிப் பாருங்கள். ‘ஸூர்யமூர்த்தே’ துருவம், ‘சந்த்ரம் பஜ’ மட்டியம், ‘அங்காரகம்’ ரூபகம், ‘புதமாச்ரயாமி’ ஜம்பை, ‘ப்ருஹஸ்பதே’ திரிபுடை, ‘ஸ்ரீ சுக்ர பகவந்தம்’ அட, ‘திவாகர தனுஜம்’ ஏகம். ஒரு தாளம்கூட இடம் மாறவில்லை. ஜாதிகளும், அதாவது லகு என்னும் தாள உறுப்பின் எண்ணிக்கை வகைகளும், அலங்காரப் பாடத்தில் வரும் அதே ஜாதிகள்தாம்: ஜம்பைக்கு மிச்ரம் (ஏழு), திரிபுடைக்குத் திச்ரம் (மூன்று), அட தாளத்துக்குக் கண்டம் (ஐந்து), மற்றவற்றுக்குச் சதுச்ரம் (நான்கு). இது தற்செயலாக அமையக்கூடிய ஒழுங்கு அன்று. பாலபாடத்தின் சட்டகத்தையே எடுத்து, அதன்மேல் வாரத்தின் ஏழு நாள்களை ஒருவர் வேண்டுமென்றே பொருத்தியிருக்கிறார்.

இங்கே அட்சரங்களை, அதாவது தாளத்தின் எண்ணிக்கைகளை, மட்டும் எண்ணுகிறவர் ஒன்றைத் தவறவிடுவார். சதுச்ர துருவம் 4+2+4+4 ஆக 14 அட்சரம்; கண்ட அட 5+5+2+2, அதுவும் 14. சதுச்ர மட்டியம் 4+2+4 ஆக 10. மிச்ர ஜம்பை 7+1+2, அதுவும் 10. கணினியில் ஆவர்த்த (ஒரு தாளச் சுற்றின்) நீளத்தை மட்டும் ஏற்றினால் ஞாயிறும் வெள்ளியும் ஒன்று, திங்களும் புதனும் ஒன்று என்றுதான் விடை வரும். வேறுபாடு தட்டி விரல் எண்ணும் லகு, தட்டும் வீச்சுமான துருதம், ஒரே தட்டான அனுதுருதம் என்னும் அங்கங்களில் இருக்கிறது. பாடுகிறவரின் கையில் இருக்கிறது. இன்றைய கச்சேரி மேடையில் ரூபகத்தை இரண்டு தட்டும் ஒரு வீச்சுமாகப் போடுவது வழக்கமாகிவிட்டதால், ஒரு துருதமும் நாலெண்ணிக்கை லகுவும் கொண்ட சூளாதி ரூபகம் என்பதே பலருக்குப் பாலபாடத்தோடு மறந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமைப் பாட்டை அப்படிப் போட்டால் அது இந்த வரிசையின் ஓர் உறுப்பு என்பதே தெரியாமல் போகும். பாட்டு கெடாது, அமைப்பு மறையும்.

ராகுவும் கேதுவும் இப்போது எங்கே நிற்பார்கள்? ஏழு தாளமும் தீர்ந்துவிட்டன. வழக்கில் அந்த இரண்டு பாட்டும் ரூபகத்தில் இருக்கின்றன. அதாவது செவ்வாயின் தாளத்தையே இரண்டு முறை கடன் வாங்குகின்றன. அவற்றுக்குக் கிழமையும் இல்லை, ஆட்சி வீடும் இல்லை. பாடல் வரிகளான சாகித்தியத்தைப் பார்த்தால் சூரியன் சிம்மத்துக்கு அதிபதி, அங்காரகன் மேஷ விருச்சிக ராசிகளுக்கு அதிபதி, சனி மகர கும்ப ராசிகளுக்கு நாதன் என்று தீட்சிதர் ஜாதகக் கட்டத்தையும் விடாமல் சொல்லிக்கொண்டு வருகிறார். அங்காரகன் பாட்டில் வைத்தீஸ்வரன் கோயிலும் ‘வைத்யநாத க்ஷேத்ரம்’ என்று வந்துவிடுகிறது. கிழமை, தாளம், ராசி ஆகிய மூன்று சட்டகங்களும் ஏழு பேருக்கே இடம் தருகின்றன.

இரண்டாவது சாட்சி ராகம். இதை நான் கவனித்தது மிகவும் தாமதமாக, மூன்றாம் ஆண்டின் நடுவில். ஏழு கீர்த்தனைகளின் ராகங்கள் முறையே சௌராஷ்டிரம், அசாவேரி, சுரட்டி, நாட்டக்குறிஞ்சி, அடாணா, பரஸ், யதுகுலகாம்போதி. இவற்றில் மேளகர்த்தா என்னும் தாய் ராகம் ஒன்றுகூட இல்லை. ஸ்வரங்களின் ஏறுமுக இறங்குமுக வரிசையான ஆரோகண அவரோகணத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் பாடிவிட முடியாத, பிடிகளாலும் வழக்காலும் உருவான ராகங்கள் அவை. அத்துடன் ஏழும் சுத்த மத்தியமம், அதாவது மத்தியம ஸ்வரத்தின் தாழ்ந்த வடிவம் கொண்டவை. ராகுவின் பாட்டோ 52ஆவது மேளத்தில், கேதுவின் பாட்டோ 56ஆவது மேளத்தில். இரண்டும் மேள ராகங்கள். இரண்டும் அதன் உயர்ந்த வடிவமான பிரதி மத்தியமம். அட்டவணையில் இதை எழுதி முடித்த இரவில் வழக்கு முடிந்தது என்றே நினைத்தேன்.

ஆனால் அப்படி முடிந்துவிடவில்லை. மாற்றுக்கட்சிக்காரராக நானே நின்று வாதாடிப் பார்த்தேன். ராகுவும் கேதுவும் சாயா கிரகங்கள், அதாவது நிழல் கோள்கள். ‘மஹாஸுரம்’ பாட்டின் பல்லவியே கேதுவை ‘சாயா க்ரஹவரம்’ என்று அழைக்கிறது. மற்ற ஏழிலிருந்தும் வேறுபட்ட இரண்டு கோள்களுக்கு, வேறுபட்ட மத்தியமத்தையும் பொதுவான ஒரே தாளத்தையும் கொடுப்பதும் ஒரு திட்டம்தானே? வடிவச் சான்று என்பது இருபுறமும் கூர் உள்ள கத்தி. ஒழுங்கிலிருந்து விலகியிருப்பதைப் பிறர் கைவேலை என்றும் சொல்லலாம், அதே கையின் நுட்பம் என்றும் சொல்லலாம்.

ராகத்தின் பெயரிலும் இதே வழுக்கல் உண்டு. தீட்சிதர் பின்பற்றிய, இசை இலக்கண ஆசிரியர் வேங்கடமகியின் வழியில் வந்த மேளப் பெயர் வரிசையில் 52ஆவது ரமாமனோகரி. கனகாங்கியில் தொடங்கும் மற்ற வரிசையில் அது ராமப்பிரியா. 56ஆவது, முன்னதில் சாமரம்; பின்னதில் சண்முகப்பிரியா. ராகு கீர்த்தனையைப் பல புத்தகங்கள் ராமப்பிரியா என்று தலைப்பிட்டிருப்பதைக் காட்டி, இது தீட்சிதர் வழியே அன்று என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தலைப்பு என்பது பதிப்பாளர் போடுவது. பாட்டுக்குள் ராகத்தின் பெயர் பொதிந்த ராக முத்திரை இருந்தால்தான் அது இயற்றியவரின் வாக்கு.

அப்படி ஒரு வாக்கு எவ்வளவு உறுதியாக இருக்க முடியும் என்பதற்கு ‘ஸூர்யமூர்த்தே’ நல்ல எடுத்துக்காட்டு. சரணத்தின் வேகம் கூடிய மத்தியமகாலப் பகுதி ‘ஸௌராஷ்டார்ண மந்த்ராத்மனே’ என்று தொடங்குகிறது. சூரியனுக்குரிய எட்டெழுத்து மந்திரத்தின் வடிவினனே என்பது பொருள். ஸௌர, அஷ்ட, அர்ண என்று பிரித்தால் அவ்வளவுதான். சேர்த்துச் சொல்லும்போது சௌராஷ்டிரம் என்ற ராகத்தின் பெயர் காதில் விழுகிறது. இன்னொரு கட்டும் இருக்கிறது. பல்லவி, அனுபல்லவி அடிகள் ஸூர்ய, கார்ய, ஆர்ய என்று எதுகையில் இணைந்து வர, சரணம் ஸாரஸ, க்ரூர, ஸூரி, தீர என்று இரண்டாம் எழுத்தில் ரகர வர்க்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘ஸௌரா’ அந்த எதுகை வரிசையில் மிகச் சரியாக உட்காருகிறது. பொருள், ராக முத்திரை, எதுகை ஆகிய மூன்று ஆணிகள் ஒரே சொல்லில் அடிக்கப்பட்டிருப்பதால், பிற்காலத்தவர் ஒருவர் அந்தச் சொல்லைப் பெயர்த்து வேறொன்றை வைக்க முடியாது. ராகத்தை மாற்றிப் பாடினால் பாட்டே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

ராகு கீர்த்தனையில் எதுகை குறையில்லை. ‘ஸ்மராம்யஹம்’, ‘ஸுராஸுரம்’, ‘கராள’ என்று ரகரம் ஒழுங்காக வருகிறது. தீட்சிதரின் கையொப்பமான ‘குருகுஹ’ முத்திரையும் இருக்கிறது. ஆனால் எதுகையும் முத்திரையும் தேர்ந்த ஒரு சீடரால் எளிதில் செய்யக்கூடியவை. மூன்று ஆணி அடித்த சொல் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. இல்லாத ஒன்றைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது என்று மேலே நானே எழுதியிருப்பதால், இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மென்பொருளில் ஸ்ருதி வரைபடம் எடுத்து ஒன்பது பாட்டின் கமகங்களையும் ஒப்பிட்டால் என்ன என்று ஒருவர் கேட்டார். சில வாரங்கள் செய்து பார்த்தேன். அதில் கிடைத்தவை பாடகர்களின் கமகங்கள். இயற்றியவரை அவை எட்டவில்லை. அதோடு அதை விட்டேன்.

இனி இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிச்சு. இந்தக் கீர்த்தனைகள் பிறந்த கதையை மரபு இப்படிச் சொல்கிறது: தீட்சிதரின் சீடர் சுத்தமத்தளம் தம்பியப்பன் தீராத வயிற்று வலியால் துன்பப்பட்டார், அவருடைய ஜாதகத்தில் குருவின் (வியாழனின்) நிலை சரியில்லை என்று கண்ட தீட்சிதர் ‘ப்ருஹஸ்பதே’ என்ற கீர்த்தனையை அடாணாவில் இயற்றிப் பாடச் சொன்னார், வலி தீர்ந்தது, மற்றக் கிரகங்களின் கீர்த்தனைகள் அதன்பின் வந்தன. கதை அழகானது. ஆனால் அந்தப் பாட்டின் தாளம் திரிபுடை, அலங்கார வரிசையில் ஐந்தாவது. வியாழனும் கிழமைகளில் ஐந்தாவது. முதலில் பிறந்த பாட்டே ஐந்தாம் இடத்தில் பொருந்துகிறதென்றால், ஒன்று, சீடர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தபோதே ஏழு பாட்டின் சட்டகமும் தீட்சிதரின் மனத்தில் முழுதாக இருந்திருக்க வேண்டும். அல்லது, தற்செயலாகத் திரிபுடையில் அமைந்த ஒரு பாட்டைக் கண்டு, அது ஐந்தாம் நாளுக்குப் பொருந்துவதை உணர்ந்து, முன்னும் பின்னும் மற்றவற்றைக் கட்டியிருக்க வேண்டும். அல்லது கதையின் வரிசை வேறு, இயற்றிய வரிசை வேறு. நான் இரண்டாவதன் பக்கம் சாய்கிறேன். மெய்ப்பிக்க வழியில்லை, ஆனால் ஒரு கலைஞரின் மனம் அப்படித்தான் வேலை செய்யும் என்று நம்ப ஆசைப்படுகிறேன். எப்படியாயினும், வடிவத்தை ஆராயாமல் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

தேர்வாளரிடம் இறுதியாகச் சொன்னது இதுதான்: ஏழு என்பது ஒரு தொகுதி என்பதற்குத் தாளமே போதுமான சான்று, ராகுவும் கேதுவும் அந்தத் தொகுதிக்கு உட்பட்டவை அல்ல, அவற்றை இயற்றியவர் யார் என்பது தனிக் கேள்வி, அதற்கு என்னிடம் உள்ள சான்றுகள் ஐயத்தைத்தான் எழுப்புகின்றன, தீர்ப்பைத் தரவில்லை. எனவே ஏழுக்கும் ஏழு இயல்கள் எழுதி, மற்ற இரண்டையும் பின்னிணைப்பில் வைத்தேன்.

எனக்கு இந்த ஒன்பதையும் பாடம் சொன்ன டீச்சருக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவேயில்லை. “ஏழோட நிறுத்திட்டா மத்த ரெண்டும் உன்னைச் சும்மா விடுமாடி?” என்று ஆய்வு தொடங்கிய நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். அட்டை போட்ட ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது, மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் பின்னிணைப்பைத்தான் திறந்தார்.