மொட்டைமாடிப் பாட்டுக்கு நோட்டீஸ்

நேத்து சாயங்காலம் திருவல்லிக்கேணி மொட்டைமாடியில பொண்ணு ஒரு பாரதி பாட்டு பாடினா. போன்ல சுருதிப்பெட்டி, பக்கத்து வீட்டுக் குக்கர் மூணு விசில், நடுவுல காக்கா. வீடியோ ஏத்தின பத்தாவது நிமிஷம் காப்புரிமை நோட்டீஸ். சத்தம் கட்!

மெட்டுக்குத் தனி உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, அதெல்லாம் தெரியும். இசையமைக்கிறவங்களும் சாப்பிடணும்ல. ஆனா இது அவ பாட்டி சமையல்கட்டுல முணுமுணுத்துக் கத்துக்குடுத்த மெட்டுங்க.

ஒரு காலத்துல பாரதி பாட்டை ஒலிப்பதிவு பண்ற உரிமை ஏவி.எம். செட்டியார்கிட்ட இருந்தது. காசு குடுத்து வாங்கினதுதான். டி.கே.சண்முகம் மாதிரி நாடகக்காரங்க, எழுத்தாளருங்க எல்லாம் பாட்டைப் பொதுவாக்கச் சொல்லிக் கிளம்பினாங்க. செட்டியாரும் விட்டுக்குடுத்தார். 1949-ல மதராஸ் அரசு உரிமையைக் கையில எடுத்துச்சு. அப்புறம் யார் வேணா அச்சடிக்கலாம், பாடலாம்னு ஆச்சு. நடைபாதைக் கடையில கூட மலிவுப் பதிப்பு கிடைக்குதே, அது இப்படி வந்ததுதான்.

ஆட்சேபம் எழுதப் போனா, 'உரிமையாளர் யார்?'னு ஒரு கட்டம். 'எல்லாரும்'னு போட்டேன். எழுத்து பத்தலையாம். 'தமிழ் தெரிஞ்ச எல்லாரும்'னு மாத்தி அனுப்பியிருக்கேன்.