ஒரு கட்டை இறக்கியது

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. பட்டச் சான்றிதழ் வாங்க மலையேறி வந்தவள், எங்கள் இசைத் துறைப் பக்கம் தலையைக் காட்டிவிட்டுப் போக வந்தாள். படிக்கும்போது அவள் சுருதியை அஞ்சு கட்டையிலிருந்து நாலுக்கு இறக்கியவள் நான். பேச்சோடு பேச்சாகத்தான் கேட்டாள்: “அப்பவே என்னை அஞ்சு கட்டையிலயே விட்டிருந்தா குரல் பழகியிருக்குமோ மேடம்?”

“அது உன் குரல் இல்லம்மா” என்றேன், யோசிக்காமல்.

“சரிங்க மேடம்.”

பிறகு பேச்சு வத்தலக்குண்டு பஸ் எத்தனை மணிக்கு என்பதற்குப் போய்விட்டது. எனக்குத்தான் அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை.

கட்டை என்பது பாடகர் வைத்துக்கொள்ளும் ஆதார சுருதியின் அளவு, எண் கூடினால் சுருதி ஏறும். பெண்கள் வகுப்பு என்றால் அஞ்சு கட்டை. எந்தப் பாடத்திட்டத்திலும் அப்படி எழுதியிருக்காது, ஆனால் பெரும்பாலும் அதுதான் நடைமுறை. 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இசைக்கு இடம் கொடுத்ததும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை வந்ததும் பெரிய காரியங்கள். திண்ணையிலும் கூடத்திலும் இருந்த பாடம் வகுப்பறைக்கு வந்தது. வீட்டில் பாட்டுக் கேட்டே வளராத பெண்களும் எம்.ஏ. இசை படிக்கிறார்கள். அதற்கு நாம் கொடுக்கும் விலை இந்தப் பொதுச் சுருதி. ஒரு மணி நேர வகுப்பில் ஆளுக்கொரு சுருதி வைக்க முடியாது. குருகுலத்திலும் குருவின் சுருதியில்தானே சிஷ்யர்கள் பாடினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அங்கே ஒரு தொண்டை சிரமப்பட்டால் குருவுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

இவள் கீழ்மலைப் பக்கத்துப் பெண். காபித் தோட்டத்து வீடு. ஊர் சர்ச்சின் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடிப் பழகியவள். அங்கே பெண் குரலிலேயே கீழ்ப் பங்கு என்று ஒன்று தனியாக இருக்கிறது. அடர்த்தியான குரலை அதற்கென்றே தேடி எடுப்பார்கள். நம்மிடம் அந்தப் பங்கு கிடையாது. எல்லாரும் ஒரே மெட்டை ஒரே இடத்தில் பாட வேண்டும். அவளும் பாடினாள். பைரவி ராகத்தில், பதினான்கு அட்சர அட தாளத்தில் அமைந்த வர்ணம் நடத்திக்கொண்டிருந்தேன். தார ஸ்தாயி காந்தாரத்துக்கு, அதாவது மேல் ஸ்தாயியின் ‘க’வுக்கு, வரும்போது அவள் முகவாய் மேலே தூக்கிக்கொள்ளும், கழுத்தில் இரண்டு நரம்பு புடைக்கும், ‘ஈ’காரம் மெலிந்து வெறும் காற்றாகும். தாளம் மட்டும் பிசகாது. பதினான்கு அட்சரமும் கை பாட்டுக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

அந்த மார்கழியில் ஒரு நாள், பத்து மணியாகியும் பனிமூட்டம் விலகவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வரும் மிருதங்க சார் விளிம்பைக் கல்லால் தட்டித் தட்டிப் பார்த்தார். ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிட்டது. “இன்னைக்கு நாலரைக்கு மேல ஏறாது மேடம்” என்றார். சரி என்று எல்லாரையும் நாலரையில் பாடச் சொன்னேன். மற்றவர்களுக்குக் கொஞ்சம் சப்பென்று இருந்தது. இவளுக்கு மட்டும் குரல் திறந்துகொண்டது. மறுநாள் தனியாக உட்கார வைத்து நாலுக்கு இறக்கினேன். மந்தர பஞ்சமத்தில், அதாவது கீழ் ஸ்தாயியின் ‘ப’வில், அவள் நின்றபோது தம்புராவின் முதல் தந்தி எது, அவள் குரல் எது என்று பிரிக்க முடியவில்லை. எத்தனையோ வருஷமாக வகுப்பு எடுக்கிறேன், அப்படி ஒரு சேர்க்கையை அதிகம் கேட்டதில்லை.

“இனிமே நீ நாலுலயே பாடும்மா” என்றேன். அன்றைக்கும் “சரிங்க மேடம்” என்றுதான் சொன்னாள்.

கணக்காகப் பார்த்தால் சின்ன இறக்கம்தான். அஞ்சு கட்டையில் ஆதார ஷட்ஜம், அதாவது ‘ஸ’, 196 ஹெர்ட்ஸ், நாலில் சுமார் 175. மேல் பஞ்சமம் 587-இலிருந்து 523-க்கு வருகிறது. ஆனால் தொண்டைக்கு அது பிடித்த பிடியை விடுவதற்குச் சமம். செய்முறைத் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அவளுடைய ராக ஆலாபனையை நிறுத்தச் சொல்லாமல் கேட்டார். மதிப்பெண்ணும் நல்ல மதிப்பெண். அதற்கு மேல் ஓர் ஆசிரியை என்ன செய்துவிட முடியும் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் துறையின் சேர்ந்திசை அஞ்சிலேயேதான் இருந்தது. ஆண்டு விழாவில் அவளைப் பின்வரிசையில் தம்புராவுக்கு உட்கார வைத்தேன். சுருதியைக் காப்பது பெரிய பொறுப்பு என்று நினைத்துத்தான் கொடுத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அவள் அதை எப்படி எடுத்துக்கொண்டாள் என்று அவள் முகத்தில் தெரியவில்லை.

சான்றிதழ் வாங்க வந்த அன்று அவள் கேட்டதற்கும் காரணம் இருந்தது. பங்குனி உத்திரத்துக்கு அடிவாரத்து ஊர் ஒன்றில் கச்சேரி. கூடப் படித்த பெண்ணும் இவளும் இரட்டையராகப் பாடலாம் என்று பேச்சு. “அவளுக்கு அஞ்சு, எனக்கு நாலு. நாலரைல பாடிப் பார்த்தோம் மேடம். ரெண்டு பேருக்கும் ஒட்டல.” கடைசியில் அந்தப் பெண் வேறு ஒருத்தியோடு பாடினாள். இவள் கீழே ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கிறாள். சின்னப் பிள்ளைகள் குரல் மேலே இருக்கும், அங்கேயும் சிரமமாம்.

சாதகத்தால் மேலே இரண்டொரு ஸ்வரம் கூட்டலாம். ஒரு குரல் எங்கே ஒளிவிடுகிறதோ அந்த இடம் அவ்வளவு சுலபத்தில் நகராது. இது என் நம்பிக்கை. அதே சமயம், மேல் ஷட்ஜத்திலேயே உடைந்துகொண்டிருந்த ஒரு பெண் ‘ஆ’ என்று இழுத்துப் பாடும் பொறுமையான அகார சாதகத்தால் மேல் மத்யமம் வரை நின்று பாடியதையும் இதே துறையில் கேட்டிருக்கிறேன். அவளை நான் இறக்கவில்லை. அவள் குரல் வேறு ரகம் என்று நானே பதில் சொல்லிக்கொள்வேன். ரகம் என்று எப்படித் தீர்மானித்தேன்? நான் இறக்கியவளோ கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேலே, மார்கழிக் குளிரில், கம்பளி சுற்றிய தொண்டையோடு காலை வகுப்புக்கு வந்தவள். ஒரு சித்திரை மதியத்தில் அதே காந்தாரத்தைப் பாடச் சொல்லிக் கேட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படிக்கிற காலத்தில் நான் அஞ்சரையில் பாடினேன். குரல் நாணில் முடிச்சு விழுந்து, மாதக்கணக்கில் வாய் திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். இப்போதும் மேலே போகும்போது அந்தப் பயம் வரும். அவள் கழுத்து நரம்பைப் பார்த்தபோது நான் பார்த்தது அவளையா, என்னையா என்பது இன்று வரை எனக்குத் தெளியவில்லை. பயந்ததால்தான் சரியாகக் கேட்டேன் என்றும் தோன்றுகிறது. முடிச்சு விழுந்த பிறகு சுருதியை இறக்குவதில் யாருக்கு என்ன லாபம்?

அந்த மந்தர பஞ்சமத்தைக் கேட்ட யாரும் என்னை மறுக்க மாட்டார்கள். ஆனால் அதைக் கேட்டது நானும் அந்தத் தேர்வாளரும் மட்டும்தான். நாலு கட்டைப் பெண் குரலுக்கு ஜோடி கிடைக்காத ஓர் ஊருக்குத்தான் அவளை அனுப்பிவைத்தேன். சேர்ந்திசையையே ஒரு தடவை நாலில் வைத்திருக்கலாம். அப்படி வைத்தால் மற்ற பெண்கள் கீழே திணறுவார்கள், அதுவும் நியாயமில்லை.

இந்த வருஷம் முதலாமாண்டில் ஒருத்தி வந்திருக்கிறாள். ஒட்டன்சத்திரம் பக்கம். அதே அடர்த்தி, மேலே போனால் அதே காற்று. இப்போதைக்கு எல்லாரோடும் அஞ்சிலேயே பாடுகிறாள். குளிர் விடட்டும், ஒரு மதிய வேளையில் தனியாகக் கூப்பிட்டு இரண்டு சுருதியிலும் பாடச் சொல்லி, உனக்கு எது வேண்டும் என்று அவளையே கேட்கலாம் என்றிருக்கிறேன். “நீங்க சொல்றபடி மேடம்” என்றுதான் சொல்வாள்.