கேரியர் போல்ட் கழலாமல் நிற்க: 600 கி.மீ. குறிப்பு

வண்டி: அலுமினிய ஃபிரேம் போட்ட கியர் சைக்கிள். பின்னால் இரும்புக் கேரியர், சுமை 12 கிலோ. கேரியரின் இரண்டு கால்களும் பின்சக்கர அச்சுக்கு மேலுள்ள மரைத் துளைகளில் எம்5 (5 மி.மீ. விட்ட) போல்ட்டால் பிடிக்கின்றன. சீட்டுக்குக் கீழே இரண்டு பட்டைகள், அவற்றுக்கும் எம்5தான். கழலுவது பெரும்பாலும் கால் போல்ட்தான். ஒரு பக்கம் தளர்ந்தால் மறுபக்கம் மொத்தச் சுமையையும் வாங்கி, போல்ட் தலையோடு முறிந்துவிடும்.

0 கி.மீ.

எல்லாம் கழற்றியாயிற்று. வண்டி அதிர்வதால் போல்ட் கழலுகிறது என்பது பாதி உண்மைதான். இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீளும். நீண்டது சுருங்கப் பார்க்கிற விசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தம் போதாமல் பாகங்கள் பக்கவாட்டில் சறுக்கினால், ஒவ்வொரு சறுக்கலிலும் மரையின் பிடி கொஞ்சம் விட்டு, போல்ட் பின்பக்கமாகத் திரும்பும். ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டியது இதைத்தான். ஆகவே முதலில் நிறுத்த வேண்டியது சறுக்கலை. பசை எல்லாம் அப்புறம்.

கேரியர் காலுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே ரப்பர் வாஷர் இருந்தது. தூக்கி எறிந்தாயிற்று, ரப்பர் நசுங்க நசுங்க இறுக்கம் குறையும். கால் தகட்டில் தடித்த பெயிண்ட். வாஷர் உட்காரும் இடத்தில் மட்டும் சுரண்டி, ஓரத்தில் துரு ஏறாமல் நெயில் பாலிஷ் பூசினோம்.

போல்ட் நீளம் முக்கியம். இடது பக்கம் 20 மி.மீ.: கால் தகடு 4, வாஷர் 1, ஃபிரேம் துளை 7, உள்பக்கம் நைலாக் நட்டு (மரையை இறுகப் பிடிக்கும் நைலான் வளையம் உள்ளது) 5, மீதி 3 மி.மீ. வெளியே. நைலான் வளையத்தைத் தாண்டி இரண்டு மரையாவது தெரியாவிட்டால் நைலாக் போட்டும் பயனில்லை. செயின் பக்கம் நட்டுக்கு இடமே கிடையாது. சின்னப் பல்சக்கரத்தில் செயின் ஓடும்போது உரசும். அங்கே 12 மி.மீ. போல்ட், துளையோடு மட்டமாக முடிகிறது.

இறுக்கம் 5 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லையா? 4 மி.மீ. எல்-கீயின் நீளக் கை சுமார் 7 செ.மீ.; அதன் நுனியில் 7 கிலோ அழுத்தம் கொடுத்தால் கணக்கு சரியாக வரும். அலுமினிய மரையில் பைப் மாட்டி முறுக்கினால் மரை போய்விடும்.

கடைசியாக ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் தகடு வரை நெயில் பாலிஷால் ஒரு கோடு.

50 கி.மீ.

கோடுகள் நகரவில்லை. ஆனாலும் கீயை வைத்தால் எல்லாமே அரைக்கால் சுற்று வாங்கின. போல்ட் திரும்பவில்லை, மிச்சப் பெயிண்ட் நசுங்கி உட்கார்ந்திருக்கிறது. கோடு திரும்பியதைக் காட்டுமே தவிர இறுக்கம் குறைந்ததைக் காட்டாது.

செயின் பக்கத்தில் லாக்டைட் 243 என்ற மரைப் பசையை முதல் நாளே போடாததற்கும் இதுதான் காரணம். காய்ந்த பிறகு போல்ட்டை மீண்டும் இறுக்கினால் பிடி உடைந்துவிடும். இப்போது கழற்றி, போல்ட் மரையையும் துளையையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒரே ஒரு சொட்டு. கிரீஸ் இருந்தால் பிடிக்காது. 24 மணி நேரம் வண்டியை எடுக்கவில்லை. காற்று படாத இடத்தில், உலோகத்தைத் தொட்டால்தான் இது இறுகும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் இன்னும் மெதுவாக. பிளாஸ்டிக் மட்கார்டு கிளிப்பில் பட்டால் விரிசல் விடலாம். இதைவிட பலமான சிவப்பு ரகப் பசை வேண்டாம், கழற்ற சூடு காட்ட வேண்டியிருக்கும், பெயிண்ட் போய்விடும்.

300 கி.மீ.

சீட்டுக்குக் கீழே வலது பட்டையின் கோடு விலகியிருந்தது. அங்கே வேண்டுமென்றே ஸ்பிரிங் வாஷர் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர்கள் இன்றும் கை நிறைய அள்ளிக் கொடுக்கும் சாமான். முழு இறுக்கத்தில் ஒரு சிறு பங்கிலேயே அது தட்டையாகிவிடும். அதன் பிறகு சாதா வாஷர்தான். கூடவே பட்டையில் இருப்பது நீள்துளை, சறுக்குவதற்கு வழி விட்டது போல. 15 மி.மீ. அகல வாஷர் இரண்டு பக்கமும், பின்னால் நைலாக்.

600 கி.மீ.

எல்லாக் கோடும் நேர். கழற்றிய நைலாக் நட்டு நைலான் பகுதியிலும் கையாலேயே சுழன்றால் அது குப்பைக்கு.

பெடலுக்கு இந்த வைத்தியம் எதுவும் வேண்டாம். இடது பெடல் எதிர்மரை; கிரீஸ் தடவி இறுக்கினால் போதும். சதுர அச்சில் மாட்டும் இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) வேறு கதை: எம்8 போல்ட்டுக்கு சுமார் 40 நியூட்டன் மீட்டர், அதாவது 20 செ.மீ. கைப்பிடியில் 20 கிலோ. தளர்ந்த கிராங்கோடு சில கிலோமீட்டர் மிதித்தாலே அலுமினியத் துளை உருண்டு போகும். அதற்கப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கைத்தான் மாற்ற வேண்டும்.