மூக்கை மறந்து மூச்சு விடுவது

ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவதைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்டது இரண்டே கேள்விகள்தான். சுறா வராதா? நீச்சல் நன்றாகத் தெரியுமா? சுறாவை விடுங்கள். நீச்சல் சுமாராகத் தெரிந்தால் போதும். 200 மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். எந்த மாதிரி நீந்தினாலும் சரி, நேரக் கணக்கும் கிடையாது. அப்புறம் 10 நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். அவ்வளவுதான். உண்மையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை: மூக்கில் தண்ணீர் ஏறினால் பேசாமல் இருப்பாயா?

நான் கண்ணாடி போடுகிறவள். மைனஸ் ஆறு. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா தூணா என்று குரலை வைத்துத்தான் சொல்ல முடியும். கல்லூரி விடுமுறையில் மகள் இதில் சேரக் கிளம்பினாள். இங்கே தனியாக இறங்கக் கூடாது, எப்போதும் ஒரு ஜோடி வேண்டும் என்று தெரிந்ததும் என் பெயரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

முதலில் உடல்நலப் படிவம். ஆஸ்துமா, இதயம், வலிப்பு, காது அறுவைச் சிகிச்சை என்று வரிசையாகக் கேட்கிறார்கள். 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே தனியாகக் கேள்விகள் இருக்கின்றன. நான் அதை நிரப்புவதை மகள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று எழுதிவிட்டால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் விடமாட்டார்கள். எனக்குச் சைனஸ் தொந்தரவு உண்டு. போய்க் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். இதை ஒரு சடங்காக நினைத்துப் பொய் எழுதுகிறவர்கள் இருக்கிறார்களாம். மேலே நின்றுகொண்டு சொல்லும் பொய் கீழே போனால் செல்லாது.

பாடத்தைப் பெரும்பாலும் வீட்டிலேயே போனில் படித்து முடித்துவிடலாம். கடைசியில் 50 கேள்விகள், 75 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒரு அத்தியாயத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். 1662-இல் ராபர்ட் பாயில் சொன்ன விஷயம்தான், பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்தது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே ஒரு லிட்டர் இருக்கும் காற்று 10 மீட்டரில் அரை லிட்டராகச் சுருங்கும். 30 மீட்டரில் கால் லிட்டர். பாதி அளவாகும் அந்த மாற்றம் முழுவதும் முதல் பத்து மீட்டருக்குள்ளேயே நடந்து முடிகிறது என்பதைக் கவனியுங்கள். ஆழம்தான் ஆபத்து என்று நான் நினைத்திருந்தேன். காதுக்கும் நுரையீரலுக்கும் அதிக வேலை வைப்பது மேற்பகுதிதான்.

அதிலிருந்துதான் இந்த விளையாட்டின் முதல் சட்டம் வருகிறது: மூச்சைப் பிடிக்காதே. கீழே அழுத்தத்தில் இழுத்த காற்றை நெஞ்சுக்குள் அடைத்து வைத்துக்கொண்டு மேலே வந்தால் அது விரியும். நுரையீரலுக்கு ஓர் அளவு இருக்கிறதே, கிழிந்துவிடும். அதற்கு ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றமே போதும். தண்ணீருக்குள் போனால் வாயை மூடி மூச்சை அடக்கு என்று குழந்தையிலிருந்து பழகிய உடம்பிடம், இனிமேல் அதைச் செய்யாதே என்று சொல்லிப் புரியவைக்க வேண்டும். கோர்ஸ் முழுக்க நடப்பது இந்தப் பஞ்சாயத்துதான்.

ரெகுலேட்டரைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எனக்குப் பாதி பயம் போனது. 1943-இல் பிரான்ஸில் ழாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் சேர்ந்து செய்த ஏற்பாடு இது. சிலிண்டரில் 200 பார், அதாவது வளிமண்டலத்தைப் போல ஏறக்குறைய 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைத்திருக்கும். அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. சிலிண்டரின் தலையில் இருக்கும் முதல் பகுதி அழுத்தத்தைக் குறைக்கிறது. வாயில் கடித்திருக்கும் இரண்டாம் பகுதி, நாம் இழுக்கும்போது மட்டும், அந்த ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தருகிறது. பழுதானால் என்ன ஆகும் என்று இன்ஸ்ட்ரக்டரைக் கேட்டேன். “நிக்காது அக்கா, கொட்டும். அடைச்சுக்காத மாதிரிதான் டிசைனே. கொட்டுற காத்துல இருந்து எப்படி மூச்சு எடுக்கறதுன்னும் சொல்லித் தருவேன்” என்றார். சொல்லியும் தந்தார். வாயை முழுசாக மூடாமல், ஓரமாக வழிய விட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் உறிஞ்ச வேண்டும்.

சரி, நீச்சல் குளம். ரெகுலேட்டரைக் கையிலிருந்து நழுவவிட்டு, வலது கையை முதுகுப்பக்கமாகச் சுழற்றித் தேடிப் பிடித்து, வாயில் வைத்து, ஊதித் தண்ணீரை வெளியேற்றி மூச்சு எடுக்கும் பயிற்சி சுலபமாக வந்தது. ஜோடியின் உபரி ரெகுலேட்டரை வாங்கிச் சுவாசிப்பதும் வந்துவிட்டது. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க் வந்தது, அங்கேதான் நான் நின்றேன்.

மாஸ்க்கில் மூன்று படிகள். பாதி தண்ணீர் நிரப்பி வெளியேற்றுவது, முழுக்க நிரப்பி வெளியேற்றுவது, கடைசியாகக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவது. செய்முறை எளிது: மாஸ்க்கின் மேல் விளிம்பை நெற்றியோடு அழுத்திக்கொண்டு, தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, மூக்கு வழியாக ஊதினால் தண்ணீர் கீழ் விளிம்பு வழியே போய்விடும். வாயால் இழுத்து மூக்கால் விடு. இவ்வளவுதான். ஆனால் முகத்தில் தண்ணீர் பட்டதுமே மூக்கும் சேர்ந்து இழுக்கப் பார்க்கிறது. ஒரு துளி தொண்டைக்குள் இறங்கியதும் இருமல். ரெகுலேட்டருக்குள்ளேயே இருமலாம், காற்று வரும், ஒன்றும் ஆகாது என்று படித்திருக்கிறேன். அந்த நேரத்தில் படித்தது எங்கே ஞாபகம் வருகிறது? கால் தரையை உதைக்கிறது, உடம்பு மேலே போகப் பார்க்கிறது. அது குளம்தான், எழுந்து நின்றால் தலை வெளியே வந்துவிடும். கடலில் அந்த உதை ஆபத்தானது. அதனால்தான் குளத்திலேயே இதைத் தேய்க்கத் தேய்க்கச் செய்யவைக்கிறார்கள்.

எனக்கு இன்னொரு சிக்கல். மாஸ்க்கைக் கழற்றினால் தண்ணீருக்குள் யாருக்குமே மங்கலாகத்தான் தெரியும். எனக்கு வெறும் நிறம்தான். இன்ஸ்ட்ரக்டரின் கை என்ன சைகை காட்டுகிறது என்றே தெரியாது. அவர் அதைப் புரிந்துகொண்டு, சைகை காட்டுவதை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு அழுத்தம் என்றால் சரி, தொடர் என்று மேலேயே பேசிவைத்துக்கொண்டோம். பலன் தந்தது வேறொன்று. இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாஸ்க் இல்லாமல், ஸ்நார்க்கல் என்ற மூச்சுக் குழாயை மட்டும் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து மூச்சு விடச் சொன்னார். வாயால் இழுத்து, மூக்கால் குமிழி விட்டு, அப்படியே சில நிமிடங்கள். சிலிண்டர் இல்லை, ஆழம் இல்லை, வேடிக்கை பார்க்க ஆளும் இல்லை. இரண்டாம் நாளில் மூக்கு தன் வேலையை விட்டுக்கொடுத்தது. மாஸ்க்கில் தடுமாறுகிறவர்கள் யாரைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்கிறேன்.

கண்ணாடி போடுகிறவர்களுக்கு ஒரு சேதி. பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. தண்ணீரில் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு பக்கத்திலும் தெரிவதால், லேசான பவர் உள்ளவர்கள் சாதாரண மாஸ்க்கிலேயே சமாளித்துவிடுவார்கள். என்னைப் போன்றவர்கள் முதல் நாளே கேட்டு வாங்கிவிட வேண்டும்.

கடலில் செய்ய வேண்டியது நான்கு டைவ். அங்கே காது தன் பங்குக்குத் தொடங்கியது. கயிற்றைப் பிடித்து இறங்கும்போது இரண்டு மீட்டர் போவதற்குள்ளேயே காதுக்குள் ஒரு விரலை வைத்து அமுக்குவது போல ஆகிவிடுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊத வேண்டும். ‘டிக்’கென்று திறந்தால் இறங்கலாம். திறக்கவில்லையென்றால் முக்கி ஊதக் கூடாது. அரை மீட்டர் மேலே ஏறி மறுபடி முயல வேண்டும். வலி வந்த பிறகு ஊதுவது பயனில்லை, வருவதற்கு முன்பே ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். எனக்கு வலது காது திறந்துவிடும், இடது அடம் பிடிக்கும். மகள் சரசரவென்று இறங்கிக் கீழே மணலில் மண்டியிட்டுக் காத்திருந்தாள். நான் கயிற்றில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தேன். இன்ஸ்ட்ரக்டர் அவசரப்படுத்தவே இல்லை. சளி இருந்தால் இறங்காதே என்பது இங்கே கடுமையான விதி. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு போனால், அதன் வீரியம் கீழே இருக்கும்போது தீர்ந்துவிடும். மேலே வரும்போது காற்று வெளியேற வழி இல்லாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி, யாரும் வாழ்க்கையில் செய்ய நேரக் கூடாத ஒன்று. காற்று தீர்ந்துபோய், ஜோடியும் பக்கத்தில் இல்லாமல் போனால் எப்படி மேலே வருவது? 6 முதல் 9 மீட்டர் ஆழத்திலிருந்து, ரெகுலேட்டர் வாயிலேயே இருக்க, ஒரே மூச்சில், ‘ஆ’வென்று ஒலி எழுப்பிக்கொண்டே மெதுவாக ஏற வேண்டும். ஒலி எழும்பினால் காற்று வெளியே போகிறது என்று அர்த்தம். பாதி வழியில் மூச்சு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. ஏற ஏற அழுத்தம் குறைந்து உள்ளே இருக்கும் காற்று விரிந்துகொண்டே இருக்கிறது. விட விட வந்துகொண்டே இருக்கிறது. மேலே தலை வந்தபோதும் விடுவதற்குக் காற்று மிச்சம் இருந்தது. பாயிலை அன்றுதான் நிஜமாக நம்பினேன்.

மிதவைக் கட்டுப்பாட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே சுருக்கமாக. நுரையீரல்தான் லிஃப்ட். மூச்சை இழுத்தால் உடம்பு எழும், விட்டால் தாழும். ஆனால் உடனே இல்லை, ஓரிரு விநாடி கழித்துத்தான். அந்தத் தாமதம் புரியாதவரை காற்றை ஏற்றி இறக்கும் ஜாக்கெட்டின் பொத்தானை அமுக்கி அமுக்கி மேலும் கீழுமாகப் போய்வந்துகொண்டிருப்போம். புதிதாக வருகிறவர்கள் கீழே இறங்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈயத்தைத் தேவைக்கு மேல் கட்டுவதும் வழக்கம். மூச்சு நிதானமானால் ஈயமும் குறைகிறது.

கீழே என்ன பார்த்தாய் என்று கேட்பவர்களுக்கு: பயிற்சி டைவில் பெரும்பாலும் இன்ஸ்ட்ரக்டரின் முகத்தைத்தான் பார்த்தேன். இடைவெளியில் கவனித்த இரண்டு விஷயங்கள் உண்டு. மகள் காலில் மாட்டியிருந்த சிவப்பு ஃபின்ஸ் (நீந்த உதவும் துடுப்புகள்) கீழே போனதும் சாம்பல் கலந்த பழுப்பாகிவிட்டது. தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். இன்னொன்று, இன்ஸ்ட்ரக்டர் சிலிண்டரைத் தட்டினால் ஆளுக்கொரு திசையில் திரும்பினோம். தண்ணீரில் ஒலி காற்றைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்று மூளையால் பிரிக்க முடிவதில்லை.

கோர்ஸ் முடித்ததற்கான அட்டை கிடைத்துவிட்டது. 18 மீட்டர் வரை, இன்னொரு டைவரோடு, பயிற்சி எடுத்த சூழலைப் போன்ற இடங்களில் இறங்கலாம். மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல நாள் டைவ் செய்திருந்தால் 18 மணி நேரமாவது விமானம் ஏறக் கூடாது. ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் அடுத்த கோர்ஸுக்கு இப்போதே நச்சரிக்கிறாள், அதில் 30 மீட்டர் வரை போகலாமாம். எனக்கு 10, 12 மீட்டர் போதும். வெளிச்சம் இருக்கிறது, நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, சிலிண்டரும் கூடுதல் நேரம் வருகிறது. 30 மீட்டருக்கு வேறு ஜோடி தேடிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.