நகத்தில் போட்ட கோடு

கால் சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என்னிடம் ஒரு வேகம் இருந்தது. கட்டை விரல் நகம் தடித்து மஞ்சளாக வந்தால் பூஞ்சை, கணுக்கால் வீங்கி வந்தால் சுளுக்கு என்று பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லி மருந்தெழுதி அனுப்பிவிடுவேன். அந்த வேகம் என்னைவிட்டுப் போனதற்கு ஒரு நெடுந்தூர ஓட்டக்காரர்தான் காரணம்.

இருபதுகளின் நடுவில் இருந்தார். இரண்டு கட்டை விரல் நகங்களும் பழுப்பேறி, நுனியில் சதையைவிட்டு எழும்பியிருந்தன. ஈரலுக்கான ரத்தப் பரிசோதனை எடுத்துவிட்டு, டெர்பினாஃபின் மாத்திரை எழுதினேன். தினம் 250 மில்லிகிராம், 12 வாரம். கால் நகப் பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுக்கும் அளவுதான். பத்தாவது வாரம் வந்து, "எதைச் சாப்பிட்டாலும் ருசியே தெரியவில்லை டாக்டர்" என்றார். அந்த மருந்துக்கு அப்படியொரு பக்கவிளைவு உண்டு. நிறுத்தினேன். ருசி திரும்ப ஒன்றரை மாதம் ஆயிற்று. அரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் நகம் அப்படியே இருந்தது.

என் மூத்த மருத்துவர் நகத்தைப் பார்த்தார். "வெட்டி அனுப்பிப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் அனுப்பியிருக்கவில்லை. அவர் ஓட்டக்காரரிடம், "தம்பி, அடுத்த தடவை ஓடுகிற ஷூவை எடுத்து வாருங்கள்" என்று மட்டும் சொன்னார். கொண்டுவந்தார். மூத்த மருத்துவர் ஷூவின் உள்பாயை உருவி மேசைமேல் வைத்தார். ஐந்து விரல்களின் பதிவும் அதில் தெரிந்தது. கட்டை விரலின் பதிவு மட்டும் பாயின் முன்விளிம்பையே தொட்டுக்கொண்டு, குழிந்து, தேய்ந்து கிடந்தது. இறக்கத்தில் ஓடும்போது பாதம் முன்னால் சறுக்கும். நீண்ட தூரம் ஓடினால் பாதம் வீங்கவும் செய்யும். ஆயிரக்கணக்கான அடிகள், ஒவ்வோர் அடிக்கும் ஷூவின் மூக்கில் நகம் ஒரு முட்டு. நகத்துண்டை இரண்டு முறை அனுப்பினோம். பூஞ்சை இல்லை.

தேவையில்லாத ஒரு மருந்தைப் பத்து வாரம் கொடுத்து, ஒருவருடைய நாக்கின் ருசியைக் கெடுத்திருக்கிறேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

தடித்து நிறம் மாறி வரும் நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சை. மீதியில் சொரியாசிஸ் இருக்கும், ஓயாமல் பட்ட அடி இருக்கும், வயதின் தடிப்பும் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிப்பது அனுபவசாலிக்கும் கடினம். அதனால் நகத்தை வெட்டி, அடியில் சுண்ணாம்புப் பொடிபோல் சேர்ந்திருப்பதைச் சுரண்டி எடுத்து அனுப்புகிறேன். நுனியில் வெட்டினால் பெரும்பாலும் செத்த பூஞ்சைதான் கிடைக்கும். நல்ல நகமும் கெட்ட நகமும் சேரும் எல்லைவரை போய் எடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் அன்றே பார்த்துவிடலாம். வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு நான்கு வாரம்கூட ஆகும். ஒருமுறை இல்லையென்று வந்தாலும் சந்தேகம் இருந்தால் மறுபடி அனுப்புவேன்.

சிக்கல் என்னவென்றால், அடியும் பூஞ்சையும் கைகோத்தும் வரும். அடிபட்டு எழும்பிய நகத்துக்குள் பூஞ்சை சுலபமாக நுழைந்துவிடும். வியர்வையில் ஊறிய காலுறை, காயாத ஷூ, விரலிடுக்கில் சேற்றுப்புண் என்று எல்லாம் சேர்ந்திருக்கும். பெரும்பாலும் ட்ரைகோஃபைட்டான் ரூப்ரம் என்ற ஒரே பூஞ்சைதான் இரண்டு இடத்திலும் இருக்கும். சேற்றுப்புண்ணை விட்டுவிட்டு நகத்துக்கு மட்டும் மருந்து கொடுத்தால் ஒரு வருடத்தில் மறுபடி அதே நகம் வந்து நிற்கும். அதனால் நகம் காட்ட வருகிறவரிடம் விரலிடுக்கையும் விரித்துக் காட்டச் சொல்கிறேன்.

கறுத்த நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. விளையாடுகிறவர்களின் கறுத்த நகம் அநேகமாக ரத்தக்கட்டுதான். நகம் வளர வளர அந்தக் கறை நுனியை நோக்கி நகர்ந்து, பின்னால் சுத்தமான நகம் தெரியும். நகராமல் நின்றாலோ, கறுப்புக் கோடாக அகன்றுகொண்டே போனாலோ, நகத்தின் அடித்தோலுக்கும் கறுப்பு பரவினாலோ உடனே திசு எடுத்துப் பார்க்க வேண்டும். ஜமைக்கா பாடகர் பாப் மார்லியின் கால் விரல் நகத்துக்கடியில் இருந்தது, கால்பந்தில் பட்ட காயம் என்றுதான் முதலில் நினைக்கப்பட்டது. 1977-இல் அது மெலனோமா என்ற தோல் புற்றுநோய் என்று தெரிந்தது. 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். "ஆட்டத்தில் பட்டது டாக்டர், ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் நான் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்க்கிறேன்.

கணுக்காலுக்கும் இதே கதைதான். கால் உள்பக்கம் மடங்கி, வெளிப்பக்கம் முட்டைபோல் வீங்கி வருவார்கள். வீக்கத்தின் அளவு என்னை ஏமாற்றிய நாட்கள் உண்டு. பெரிய வீக்கத்துக்கடியில் எலும்பு நன்றாக இருக்கும், சின்ன வீக்கத்துக்கடியில் உடைந்திருக்கும். 1992-இல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த விதிகள் இதற்குப் பெரிய துணை. கணு எலும்புகள் இரண்டின் பின்விளிம்பிலும் கீழிருந்து ஆறு சென்டிமீட்டர் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகு பாதத்தின் வெளியோரத்தில் சுண்டுவிரல் எலும்பு தொடங்கும் மேடு, உள்பக்கம் படகெலும்பு. அப்புறம் நான்கு அடி நடக்கச் சொல்ல வேண்டும். அழுத்திய எங்கும் எலும்பில் வலியில்லை, நான்கு அடியும் வைத்துவிட்டார் என்றால் எக்ஸ்ரே அநேகமாகத் தேவைப்படாது. சுண்டுவிரல் மேட்டை மட்டும் அவசரத்தில் மறந்துவிடக் கூடாது. கணுக்கால் மடங்கும்போது அங்கே எலும்பு பிய்ந்துவருவது சாதாரணம்.

முன்னங்கால் எலும்பு வலிக்கு நான் கேட்பது ஒன்றே ஒன்று, "எங்கே வலிக்கிறது, காட்டுங்கள்." உள்ளங்கையால் எலும்பின் கீழ்ப்பாதியை நெடுகத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் அதிகம் ஓடியதால் வந்த அழற்சி. ஒற்றை விரலை ஒரே இடத்தில் வைத்தால் எலும்பில் கீறல் இருக்கலாம். அந்த விரல் வைத்த இடத்தை நான் பேனாவால் குறித்துவைக்கிறேன். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். படம் சுத்தமாக இருக்கிறதே என்று ஓட அனுப்பினால் கீறல் முறிவாகிவிடும். 1855-இலேயே பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் அணிநடைச் சிப்பாய்களின் பாதங்கள் வலித்து வீங்குவதை எழுதிவைத்தார். எக்ஸ்ரே வந்ததோ அதற்கு நாற்பது வருடம் கழித்து. அவருக்கு இருந்தது கண்ணும் விரலும்தான்.

குதிகாலுக்கு மேலே உள்ள குதிநாண் அறுந்தவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே வாக்கியத்தோடு வருவார்கள், "பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை." குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தால் பாதம் தானாகக் கீழே அசைய வேண்டும். அசையாவிட்டால் அறுந்திருக்கிறது. பாதத்தை அவர்களே கொஞ்சம் அசைத்துக் காட்டிவிடுவார்கள், வேறு தசைகள் கைகொடுக்கும். அதைப் பார்த்துச் சுளுக்கு என்று திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

அறுகாமல் தடித்து வலிக்கும் குதிநாணுக்கு ஊசி கேட்பவர்களிடம் படிக்கட்டைக் காட்டுகிறேன். முன்பாதத்தைப் படியில் ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். 1998-இல் ஸ்வீடனின் ஆல்ஃப்ரெட்சன் குழு வெளியிட்ட முறை இது. முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று, காலை மாலை இரண்டு வேளை. ஒரு நாளைக்கு 180 தடவை ஆகிறது. அதுவும் 12 வாரம்தான்.

அந்த மாத்திரையையும் இந்தப் படிக்கட்டையும் பாதியில் விடுபவர்கள்தான் அதிகம். "மருந்து முடிந்துவிட்டது, நகம் அப்படியேதான் இருக்கிறது" என்பார்கள். கெட்டுப்போன நகம் திரும்ப நல்லதாகாது. அடியிலிருந்து வரும் புது நகம் அதை வெளியே தள்ள வேண்டும். கால் நகம் மாதத்துக்கு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். கட்டை விரலில் முழுதாக மாற ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகும். இதை வாயால் சொன்னால் யாருக்கும் பதிவதில்லை என்று கண்டு, சின்ன அரத்தால் நல்ல நகத்தின் எல்லையில் ஒரு மெல்லிய கோடு போட ஆரம்பித்தேன். வரும்போதெல்லாம் அளவுகோலை வைத்து அவர்கள் கண்முன்னால் அளக்கிறேன்.

அந்தக் கோட்டை முதன்முதலில் போட்டது அந்த ஓட்டக்காரரின் நகத்தில்தான். முன்னால் கட்டை விரல் அகலத்துக்கு இடமுள்ள ஷூ வாங்கியிருந்தார். வேறு சிகிச்சை எதுவும் இல்லை. ஏழாவது மாதம் வந்தபோது அவர் காலை என் முழங்காலில் வைத்து அளந்தேன். தோலோரத்திலிருந்து ஒன்பது மில்லிமீட்டர். கோட்டுக்குப் பின்னால் நகம் இளஞ்சிவப்பாக, வழவழவென்று சதையோடு ஒட்டியிருந்தது. அளவுகோலை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு கால் நகத்தை அவரே அளக்கத் தொடங்கினார்.